தலை குனிந்த மானும் பார்க்கிறது

மான் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே ஒரு உடை வாங்கினேன். இலையும் சருகும் சுள்ளியுமாக அச்சடித்த துணி. அதைப் போட்டுக்கொண்டு புதருக்குள் உட்கார்ந்தால் கூட வந்தவர்களே என்னைத் தேடுவார்கள். புதுத்துணி வாடை போகட்டும் என்று மூன்று முறை சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவைத்தேன். அப்படித் துவைத்ததுதான் தப்பு என்று தெரிய இரண்டு வருடம் ஆனது.

முதல் நாள் அந்த உடையில் ஒரு காட்டுக் குட்டையின் கரையில் உட்கார்ந்திருந்தேன். சூரியன் இறங்கி வெளிச்சம் நீலம் பாரிக்கும் நேரம். எனக்குப் பத்தடி தள்ளி வழிகாட்டி அண்ணன். வெளுத்துப்போன செங்கல் நிறச் சட்டையில், ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்க்கரைக்குப் புள்ளிமான் கூட்டம் ஒன்று வந்தது, பன்னிரண்டோ பதின்மூன்றோ. முன்னால் வந்த பெட்டை தலையைத் தூக்கியது. அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. நேராக என்னைப் பார்த்தது. முன்னங்காலால் தரையை ஒருமுறை தட்டியது. இன்னொருமுறை தட்டியது. நான் கேமராவை மெதுவாகத்தான் (மெதுவாக என்றுதான் நினைத்தேன்) கண்ணருகே கொண்டுபோனேன். கீச்சென்று ஒரு கத்தல். அடுத்த மூச்சில் குட்டை காலி.

"சட்டை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா செடிக்குக் கை கிடையாதே" என்றார் அண்ணன்.

செங்கல் நிறச் சட்டைக்காரர் தப்பிக்கிறார், இலைச்சட்டைக்காரன் மாட்டுகிறான். இது என்ன நியாயம் என்று அன்று வந்த எரிச்சல்தான் என்னை மானின் கண் பக்கம் திருப்பியது. அதற்குப் பிறகு படித்தது கொஞ்சம், காட்டில் அடிபட்டுக் கற்றது நிறைய. இரண்டையும் கலந்தே சொல்கிறேன்.

முதலில் நிறம். நம் விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. 1994இல் நிறப்பார்வை ஆய்வாளர் ஜெரால்ட் ஜேக்கப்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் வெள்ளைவால் மான், ஃபேலோ மான் இரண்டின் விழித்திரையிலும் எழும் மின்துடிப்பை அளந்து பார்த்தார்கள். ஒரு கூம்பு 450 முதல் 460 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு அதிகம் துடிக்கிறது. மற்றொன்றின் உச்சம் வெள்ளைவால் மானுக்கு 537, ஃபேலோ மானுக்கு 542. அதாவது பச்சை. சிவப்புப் பக்கம் சாய்ந்த மூன்றாவது கூம்பு கிடையாது. நாய், மாடு, குதிரை, ஆடு என்று பெரும்பாலான பாலூட்டிகளின் கதை இதுதான். குரங்கினத்தில் பிறந்ததால் நமக்கு மூன்று.

மான் கறுப்பு வெள்ளையில் பார்க்கிறது என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். அது சரியில்லை. நீலமும் மஞ்சளும் அதற்கு உண்டு. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் ஒரே குடும்பத்து மங்கல் மஞ்சளாகிவிடும். சிவப்பு இன்னும் மங்கி இருட்டுப் பக்கம் போய்விடும். பல நாடுகளில் வேட்டைக்காரர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு மேல்சட்டை போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒருவரை ஒருவர் சுட்டுவிடாமல் இருப்பதற்காக. அந்த நிறம் மனிதனுக்குத்தான் தீப்பிழம்பு. மானுக்கு அது காய்ந்த புல்லோடு போய்விடும்.

என் நண்பன் ஒருவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அவனை ஒருநாள் கூட அழைத்துப் போனேன். பழுத்த பழம் எது, காய் எது என்று தடுமாறுகிறவன், புதருக்குள் அசையாமல் நின்ற கடமானை எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டான். "நீ இலையோட நிறத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கே. நான் கோட்டைப் பார்க்கிறேன்" என்றான். கொம்பின் வளைவும் முதுகின் நேர்கோடும் கிளைகளுக்கு நடுவே அவனுக்குத் துருத்திக்கொண்டு தெரிந்திருக்கின்றன. நிறத்தைக் கொண்டு செய்யும் மறைப்பு, நிறம் குறைவாகத் தெரிகிறவரை அவ்வளவாக ஏமாற்றாது என்று ஆய்வுகளும் உண்டு. இவன் கண்ணிலேயே தப்ப முடியாத என் உடை மான் கண்ணில் எப்படித் தப்பும் என்று அப்போதுதான் தோன்றியது.

ஆனால் அதே கண் புலியிடம் ஏமாறுகிறது. கோரைப்புல்லுக்கு நடுவே படுத்திருந்த புலி ஒன்றின் படம் என்னிடம் இருக்கிறது. யார் பார்த்தாலும் முதல் நொடியிலேயே புலியைக் காட்டுவார்கள். பச்சைக்கு நடுவே அத்தனை ஆரஞ்சு. நிறக்குருடு எப்படி இருக்கும் என்று காட்டும் செயலி ஒன்றில் அந்தப் படத்தைப் போட்டேன். புலி போய்விட்டது. நானே எடுத்த படம், புலி எங்கே என்று எனக்குத் தெரியும். அப்படியும் கோடுகளுக்கும் புல்லுக்கும் நடுவில் முகத்தைத் தேட வேண்டியிருந்தது. பாலூட்டிகளால் பச்சை நிற முடி வளர்க்க முடியாது. ஆரஞ்சு நிறத்தில் வளர்க்கலாம். இரையின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதால் புலிக்கு அதுவே போதும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் காட்டினார்கள்: இரண்டு நிறக் கண்ணுக்குப் புலி நம் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தாமதமாகவே தட்டுப்படுகிறது. ஆரஞ்சு நிறப் புலியே பச்சைக்குள் ஒளிந்துகொள்ளும்போது, செங்கல் நிறச் சட்டை அண்ணனைக் காட்டிக்கொடுக்காததில் ஆச்சரியம் என்ன?

சரி, அப்படியானால் என் இலைச்சட்டை ஏன் காட்டிக்கொடுத்தது?

இதற்கு விடை கிடைத்தது ஒரு தேள் புண்ணியத்தில். இரவில் தேள் தேடுகிறவர்கள் புற ஊதா டார்ச் வைத்திருப்பார்கள். அந்த ஒளி பட்டால் தேள் பச்சை நீலமாக ஒளிரும். ஒரு முகாமில் அப்படித் தேடப்போனபோது, நண்பரின் டார்ச் தற்செயலாக என் கைமேல் விழுந்தது. என் சட்டைக் கை டியூப்லைட் மாதிரி எரிந்தது. தேளே தோற்றுப்போகும் அளவுக்கு! துணி பளிச்சென்று தெரிவதற்காகச் சோப்புத்தூளில் ஒரு பொருள் சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி, நீல ஒளியாகத் திருப்பித் தருவதுதான் அதன் வேலை. வெள்ளைத் துணி "வெள்ளைக்கும் மேல் வெள்ளை" ஆவது அதனால்தான். என் உடையில் அச்சடித்த ஒவ்வொரு இலையும் அப்படிப் பளபளத்துக்கொண்டிருந்திருக்கிறது.

நீலம் என்பது மானின் இரண்டு கூம்புகளில் ஒன்று கூர்மையாகப் பார்க்கும் இடம். அதோடு இன்னொன்றும் உண்டு. நம் கண்வில்லை புற ஊதாவை வடிகட்டிவிடும். மானின் வில்லை அதில் கணிசமான பங்கை உள்ளே விடுகிறது. அந்தி வெளிச்சத்திலோ நீலப் பங்கு அதிகம். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் மான்களுக்குத் தீனி கொடுத்து, விளக்கு எரியும் பக்கம் போகப் பழக்கி, எந்த நிறம் எவ்வளவு மங்கலானாலும் கண்டுபிடிக்கின்றன என்று சோதித்தார்கள். சிவப்பைவிட நீலத்தில் அவை எத்தனையோ மடங்கு கில்லாடிகள்.

அன்று என்னைக் காட்டிக்கொடுத்தது சோப்புத்தூள் மட்டும்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கையை அசைத்தவன் நான். ஆனால் கையை அசைக்கும் முன்பே அது என்னைப் பார்த்துவிட்டது என்பது என் ஞாபகத்தில் தெளிவாக இருக்கிறது. அதற்குப் பிறகு காட்டு உடைகளை வெறும் தண்ணீரில் அலசுகிறேன். மிஞ்சினால், பளபளப்பு சேர்க்காத சோப்பு. சந்தேகம் வந்தால் இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம், ஒரு நிமிட வேலை. நீல ஜீன்ஸையும் வெள்ளைத் தொப்பியையும் விட்டேன். பழுப்பு, செங்கல், காக்கி எதுவானாலும் சரி, பழையதாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த இலைச்சட்டை இப்போது கேமரா லென்ஸ் உருளாமல் இருக்கப் பைக்குள் சுருட்டி வைக்க உதவுகிறது.

பனிப்பிரதேசத்தில் வாழும் பனிமானுக்கு இந்தப் புற ஊதா விஷயம் உயிர் பிழைக்கும் விஷயம். பனி புற ஊதாவைத் திருப்பி அடிக்கும். அது தின்னும் பாசியும், ஓநாயின் உரோமமும் உறிஞ்சிவிடும். நமக்கு வெள்ளைமேல் வெள்ளையாகத் தெரிவது அதற்கு வெள்ளைமேல் கறுப்பு. பனிமானின் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் பிரதிபலிப்புப் படலம் கோடையில் பொன்னிறமாகவும் இருண்ட குளிர்காலத்தில் நீலமாகவும் மாறும் என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். பருவத்துக்கு ஒரு கண்! இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிறத்தை இதோடு விடுகிறேன். ஏனென்றால் நிறத்தைச் சரிசெய்த பிறகும் நான் மாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

கூர்மையில் மானின் கண் நம்மை நெருங்காது. நாம் 60 அடியில் தெளிவாகப் பார்ப்பதை அது 20 அடிக்கு வந்தால்தான் அதே தெளிவோடு பார்க்கும் என்று மதிப்பிடுகிறார்கள். என் முகத்தில் மூக்கு எங்கே, வாய் எங்கே என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. அப்படியானால் அதன் கண் மட்டமான கண்ணா? பல நாள் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, நானும் மானும் கண்ணிடம் கேட்கும் கேள்வியே வேறு. நான் கேட்பது "அது என்ன?" மான் கேட்பது "எங்கே?" என்ன என்பதற்குக் கூர்மையும் நிறமும் வேண்டும். எங்கே என்பதற்கு அகலம் வேண்டும், அசைவு தெரிய வேண்டும், குறைந்த வெளிச்சத்திலும் வேலை செய்ய வேண்டும். மானின் கண் முழுக்க இந்த இரண்டாவது கேள்விக்காகச் செய்யப்பட்டது. "என்ன" என்பதை மூக்கும் காதும் பிறகு பார்த்துக்கொள்ளும்.

அகலத்தைப் பாருங்கள். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 300 பாகை தெரிகிறது. நமக்கு 180 பாகைதான், அதிலும் ஓரமெல்லாம் சும்மா ஒப்புக்கு. விழித்திரையில் நமக்குக் கூர்மை ஒரு புள்ளியில் குவிந்திருக்கிறது. அதனால்தான் ஒவ்வொன்றாகக் கண்ணை ஓட்டிப் பார்க்கிறோம். மானுக்கு அது தரைமட்டத்துக்கு இணையாக ஒரு பட்டையாகப் பரவியிருக்கிறது. தொடுவானம் முழுவதும் ஒரே நேரத்தில் கண்காணிப்பில். கண்மணியும் அதற்கு ஏற்றாற்போல் படுக்கைவாட்டில் நீண்டது.

தலை குனிந்து மேயும்போது அந்தப் பட்டை சரிந்துவிடாதா? நியாயமான கேள்வி. நானும் அதை நம்பித்தான் ஒருமுறை கெட்டேன். நாற்பது அடியில் ஒரு கலைமான், அதாவது ஆண் மான், தலையைப் புல்லில் புதைத்து மேய்ந்துகொண்டிருந்தது. தலை கீழே இருக்கும்போது இரண்டு எட்டு, தலை தூக்கினால் சிலை. சின்ன வயது விளையாட்டு மாதிரி முன்னேறினேன். மூன்றாவது தடவை, தலை கீழேயே இருந்தது. வாய் மட்டும் மெல்லுவதை நிறுத்தியது. நான் கவனிக்கவில்லை. காலை எடுத்தேன். தலையைத் தூக்காமலேயே, மேய்ந்த நிலையிலிருந்தே அது பாய்ந்து போனது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் பேங்க்ஸும் குழுவினரும் 2015இல் இதற்கு விளக்கம் தந்தார்கள். 214 நிலவாழ் விலங்குகளின் கண்மணி வடிவத்தை ஒப்பிட்டார்கள். பதுங்கிப் பாயும் வேட்டை விலங்குகளுக்குச் செங்குத்துக் கண்மணி அதிகம், மேயும் விலங்குகளுக்குப் படுக்கைவாட்டுக் கண்மணி. மேயும் விலங்கு தலையைக் குனிந்தால் கண் குழிக்குள்ளேயே 50 பாகைக்குக் குறையாமல் உருண்டு, கண்மணி தரைக்கு இணையாகவே நிற்கிறது. ஒவ்வொரு கண்ணும் எதிரெதிர்த் திசையில் உருள வேண்டும். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, அது தழை தின்னும்போதும் நிமிரும்போதும் கண்ணைப் பார்த்தேன். உண்மைதான். முகம் செங்குத்தாகத் தொங்குகிறது, கண்ணில் அந்தக் கறுப்புக் கோடு மட்டும் நீர்மட்டக் கருவி மாதிரி கிடையாக நிற்கிறது. ஆடு கிடைத்தால் நீங்களும் பாருங்கள். மானிடம் இவ்வளவு பக்கத்தில் உட்கார முடியாது.

அதனால் இப்போது நான் தலையைப் பார்ப்பதில்லை. காதையும் வாயையும் பார்க்கிறேன். வாய் மென்றுகொண்டே இருந்தால், காதுகள் தனித்தனியாக இஷ்டத்துக்குச் சுழன்றால், வால் அவ்வப்போது ஈ விரட்டினால், அதற்கு நிம்மதி. மெல்லுவது நின்று, இரண்டு காதும் என் பக்கம் குவிந்தால் தலை எங்கே இருந்தாலும் ஆட்டம் முடிந்தது. சில மான்கள் தலையைக் குனிந்து மேய்வதுபோலப் பாவனை செய்து, சட்டென்று நிமிர்ந்து பார்க்கும். நம்மை அசையவிட்டுப் பிடிப்பதற்கு. தலையை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பது இன்னொன்று. பக்கவாட்டுக் கண்ணுக்குத் தூரத்தை அளப்பது கஷ்டம், தலையை நகர்த்தினால் பக்கத்தில் உள்ளது அதிகமாக நகர்ந்து தெரியும், தூரத்தில் உள்ளது குறைவாக. அப்படித் தலையாட்டும் மான் "எங்கே" என்பதைத் தாண்டி "என்ன" என்று கேட்கத் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் கண் சிமிட்டுவதைக்கூடத் தள்ளிப்போடலாம்.

அசைவைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: நம் உடம்பில் அதிகம் அசைவது கை. அதுவும் வெளுப்பாகத் தெரியும் உள்ளங்கை. நான் பழுப்புக் கையுறை போடுகிறேன். மான் வருமுன்பே கேமராவைத் தாங்கியில் முகத்துக்கு நேரே நிறுத்திவிடுகிறேன். விரலை மட்டும் அசைத்தால் போதும். வானத்தைப் பின்னணியாக வைத்து மேட்டில் உட்காருவதில்லை. அங்கே மூச்சுவிட்டால்கூட உருவம் அசைவது தெரியும். முதுகுக்குப் பின்னால் ஒரு மரமோ பாறையோ இருந்தால் என் விளிம்பு அதில் கரைந்துவிடும். அண்ணன் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தது களைப்பால் அல்ல என்று எனக்கு எத்தனை தாமதமாகப் புரிந்திருக்கிறது!

இரவு வேறு உலகம். மானின் விழித்திரையில் குறைந்த ஒளிக்கான குச்சி செல்கள் ஏராளம். கண்மணி நம்முடையதைவிட எவ்வளவோ பெரிதாகத் திறக்கும். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம், டபேட்டம் லூசிடம் என்பார்கள், உள்ளே வந்து பிடிபடாமல் போன ஒளியை மறுபடி விழித்திரைக்கே அனுப்புகிறது. ஒரே ஒளிக்கு இரண்டு வாய்ப்பு. டார்ச் அடித்தால் இருட்டில் கண்கள் எரிவது அதனால்தான். நான் ஒருகாலத்தில் டார்ச்சை வீசி, கண்கள் எரியவில்லை என்றால் பாதையில் எதுவும் இல்லை என்று நடந்துகொண்டிருந்தேன். ஒரு இரவு அப்படி நடந்து, ஒரு காட்டுப்பன்றியின் மேல் ஏறக்குறைய மோதிவிட்டேன். பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. கண் எரியாது. உறுமல் கேட்டபோது எனக்கும் அதற்கும் நடுவே ஆறடி இருந்திருக்கும். அது குட்டிகளோடு இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. கண்ணைத் தேடாமல் உருவத்தைத் தேடுங்கள்.

இரவில் சிவப்பு விளக்கு நல்லது, மானை அதிகம் கலைக்காது. ஆனால் அதுவும் பலமாக அடித்தால் தெரியும். சிவப்பு மங்கலாகத் தெரியும் என்றால் தெரியவே தெரியாது என்று பொருளில்லை. கைப்பேசித் திரை அதைவிட மோசம், அந்த நீல வெளிச்சம் முகத்தில் விழுந்தால் மறைவிடத்தில் இருந்து என்ன பயன்?

வாகன விளக்கில் மான் உறைந்து நிற்பதைப் பலர் முட்டாள்தனம் என்று நினைக்கிறார்கள். இருட்டுக்கு முழுதாகத் திறந்து வைத்த கண்ணில் உயர்விளக்கை அடித்தால் எதுவும் தெரியாது. எந்தப் பக்கம் ஓடுவது என்று அதற்குத் தெரியாது. காட்டுவழியில் இரவில் ஓட்ட நேர்ந்தால் வேகத்தைக் குறைத்து வையுங்கள். மான் நின்றால் வண்டியை நிறுத்தி, விளக்கைத் தாழ்த்திக் கொஞ்சம் பொறுங்கள். வளைத்து ஒடிக்கப் போய் மரத்தில் மோதியவர்களை எனக்குத் தெரியும். ஒன்று கடந்துவிட்டது என்று உடனே கிளம்ப வேண்டாம், பின்னால் இன்னொன்று நிற்கும்.

இதையெல்லாம் யானையிடம் செய்து பார்க்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். யானைக்கும் இரண்டு நிறக் கூம்புகள்தான். விழித்திரையில் தும்பிக்கை நுனி இருக்கும் பகுதியைப் பார்க்கவென்று தனியாக ஓர் அடர்ந்த இடம் உண்டு. தூரத்துக்கு அவ்வளவு கண் இல்லை. ஆனால் யானையின் "எங்கே", "என்ன" இரண்டுமே மூக்கில் இருக்கின்றன. ஒருமுறை அறுபது அடியில் நாங்கள் ஆறு பேர் ஒரு பாறை மறைவில் அசையாமல் நின்றோம். காற்று எங்கள் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. யானை எங்களைப் பார்த்தபடியே ஒரு கிளையை ஒடித்துத் தின்றது, பார்க்கவில்லை என்பதுபோல. பிறகு என் கழுத்தின் பின்பக்கம் குளிர்ந்தது. காற்று திரும்பிவிட்டது. அடுத்த கணம் தும்பிக்கை எங்களை நோக்கி வளைந்து உயர்ந்தது. "மெதுவா, பின்னாடியே வாங்க" என்று அண்ணன் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. அதிலிருந்து ஒரு சின்னப் புட்டியில் பவுடர் வைத்திருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தட்டிவிட்டுக் காற்று பார்ப்பேன். காட்டில் கால்நடையாகப் போவது அனுமதியோடும் அந்தக் காடு தெரிந்தவரோடும் மட்டும்தான். இதில் எனக்கு வீரம் கிடையாது.

பரணில் இருப்பவரை மான் பார்க்காது என்பார்களே, அதில் பாதி உண்மை. கூர்மைப் பட்டை தரைமட்டத்தில் இருப்பதால் மேலே உள்ளது அவ்வளவு சீக்கிரம் கண்ணில் படாது. மேலே ஒரு பலகை முனகினால் நிமிர்ந்து பார்க்கத்தான் செய்யும்.

கடைசியாக நான் விட்டது ஒளிவதையே. இது எனக்கே கொஞ்சம் வேடிக்கைதான், இத்தனை வருடம் ஒளியக் கற்றவனுக்கு. ஒளிந்திருக்கும் உருவம் கண்டுபிடிக்கப்பட்டால் அது பதுங்கும் உருவம். மானின் உலகத்தில் பதுங்குவது யார் வேலை என்று அதற்குத் தெரியும். அதனால் அவை வரும் முன்பே போய், எல்லோருக்கும் தெரியும்படி ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். காற்று அவற்றின் பக்கமிருந்து என் பக்கம். நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் திரும்பிய உடம்பு. நகர வேண்டியிருந்தால் நேராக அவற்றை நோக்கி நடக்காமல் சாய்வாக, அவை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. எல்லாக் கூட்டமும் ஏற்றுக்கொள்ளாது. பத்தில் ஆறேழு முறை ஓடிவிடும், சரி போகட்டும் என்று உட்கார்ந்திருப்பேன்.

போன முறை அதே குட்டைக்குத்தான் போயிருந்தேன். பெட்டை ஒன்று வந்து, என்னைப் பார்த்துக் காலைத் தட்டியது. தலையை மேலும் கீழும் ஆட்டியது. இரண்டு நிமிடம் இருவரும் அப்படியே. நான் எங்கே என்பது அதற்குத் தெரிந்துவிட்டது, அந்த "எங்கே" மாறவில்லை. வாய் மெல்லத் தொடங்கியது. பிறகு தலையைக் குனிந்து புல்லுக்குள் விட்டது. நீண்ட லென்ஸில் அதன் கண்ணைப் பார்த்தேன். முகம் செங்குத்தாக, கறுப்புக் கோடு தரைக்கு இணையாக. படம் எடுத்துவிட்டுக் கையை முழங்காலில் இறக்கினேன். ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பி, அப்படியே நின்றது.